பத்து ராகம், மூன்று பெட்டி

'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்பது அந்த எல்.பி. தட்டின் பெயர். 1982-இல் எச்.எம்.வி. வெளியிட்டது. வாசித்தவர் சரண்ஜித் சிங், பம்பாய் இந்திப்பட ஸ்டூடியோக்களில் கிடாரும் பேஸும் வாசித்து வாழ்ந்த கலைஞர். வந்த புதிதில் அதை வாங்க ஆளில்லை. முப்பது வருஷம் கழித்து ஐரோப்பாவின் இரவு விடுதிகளில் இளைஞர்கள் அதற்கு ஆடினார்கள். இந்த இரண்டு காலத்தையும் பார்க்கும் வயது எனக்கு வாய்த்தது. அன்று தட்டை ஒதுக்கியவர்கள் சொன்ன காரணம் மெஷின். இன்று கொண்டாடுகிறவர்கள் சொல்லும் காரணமும் மெஷின். இரண்டு தரப்புமே சரியாகக் காதில் வாங்காத ஒன்று அதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் தாராவியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். பகலில் ஃபோர்ட் பகுதியில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். சாயங்காலமும் விடுமுறை நாளும் தமிழ் மெல்லிசைக் குழு ஒன்றில் அக்கார்டியன். பிள்ளையார் சதுர்த்திப் பந்தல், அம்மன் கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, எப்போதாவது மாட்டுங்காவில் ஏதாவது ஒரு சங்கத்தின் ஆண்டு விழா. எனக்கு அக்கார்டியன் சொல்லிக்கொடுத்தவர் கோவாக்காரர். கோவாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஊர்வாரியாகச் சேர்ந்து நடத்தும் தங்கும் இடங்கள் தோபி தலாவில் உண்டு, 'கூட்' என்பார்கள். அப்படி ஒன்றில் ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, சுவரில் மாதா படம், இவ்வளவுதான் மாஸ்டரின் உலகம். ஆனால் பெரிய பெரிய படங்களுக்கு வாசிப்பவர். நோட்டேஷன் தாளை ஒரு தடவை பார்த்துவிட்டு முதல் டேக்கிலேயே பிசிறில்லாமல் வாசித்துவிடுவார். அந்தக் கால இந்திப் பாட்டுகளில் அலைபோல எழும்பும் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் இவரைப் போன்ற கோவாக்காரர்கள் எத்தனையோ பேர். செபாஸ்டியன் டிசோசா, அந்தோனி கொன்சால்வஸ் என்று அரேஞ்சர்களின் பெயரைச் சொல்லும்போதே மாஸ்டர் நிமிர்ந்து உட்காருவார்.

சரண்ஜித் சிங்கின் பெயரை முதலில் அவர் வாயால்தான் கேட்டேன். ஷங்கர்–ஜெய்கிஷன், பர்மன்கள், லட்சுமிகாந்த்–பியாரேலால் என்று எல்லா இசையமைப்பாளர்களிடமும் வாசித்தவர். கிடார், பேஸ், ஹவாயன் கிடார், பிறகு டிரான்சிகார்ட். டிரான்சிகார்ட் இத்தாலியின் ஃபார்ஃபிசா கம்பெனி செய்த மின்சார அக்கார்டியன். தோளில் மாட்டிக்கொள்வது அக்கார்டியன் மாதிரியே, ஒலி மட்டும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும். 'தம் மாரோ தம்' பாட்டில் அதை வாசித்தது அவர்தான் என்று மாஸ்டர் சொன்ன பிறகு அந்தப் பாட்டு எனக்கு வேறு பாட்டாகிவிட்டது. பாட்டு நாடெல்லாம் ஒலிக்கும், வாசித்தவரின் பெயர் தட்டின் உறையில் இருக்காது. நம் ஊரிலும் இதே கதைதான். கீபோர்டுக் கலைஞர் விஜி மேனுவலின் விரல்களைக் கேட்காத தமிழ்க் காது கிடையாது. அந்த விரல்கள் யாருடையவை என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்படிப் பெயரில்லாமல் உழைத்த ஒருவர் தன் பெயரில், தன் இசையை, தனியாக வாசித்துத் தட்டு போடுகிறார் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை இன்று விளக்குவது கடினம். திரைப்பாட்டுகளின் மெட்டை வாத்தியத்தில் வாசித்த தட்டுகள் அப்போது நிறைய வரும், அவரே அப்படிச் சிலவற்றைச் செய்திருந்தார். இது அந்த வகை இல்லை. படம் கிடையாது, பாட்டு கிடையாது, டைரக்டர் கிடையாது. பத்து ராகங்கள்: பைரவி, லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கோன்ஸ், பைராகி.

அது டிஸ்கோ ஊரைப் பிடித்து ஆட்டிய காலம். 1980-இல் 'குர்பானி'யில் நாஸியா ஹசன் பாடினார், அடுத்த வருஷம் 'டிஸ்கோ தீவானே' வந்தது, 1982 கடைசியில் 'டிஸ்கோ டான்ஸர்'. பிற்காலத்தில் சரண்ஜித் சிங் பேட்டிகளில் சொன்னது எளிமையானது. படங்களில் எங்கு பார்த்தாலும் டிஸ்கோ இருந்தது, அந்தத் தாளத்தையே வைத்து ராகங்களை வாசித்தால் என்ன, தபலாவை விட்டுவிடலாமே என்று தோன்றியிருக்கிறது. புரட்சி செய்வதாக அவர் நினைக்கவில்லை. தனக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்கு அவரிடம் மூன்று பெட்டிகள் இருந்தன. சிங்கப்பூரில் வாங்கியவை, மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி தயாரிப்பு. ஜுபிடர்-8 என்பது எட்டுக் குரல் சிந்தசைசர், மெட்டு வாசிப்பதற்கு. டிஆர்-808 தாளத்துக்கு. டிபி-303 பேஸுக்கு. அமெரிக்காவில் அன்று ஜுபிடரின் விலை 5,295 டாலர், 303-இன் விலை 395 டாலர். எங்கள் குழுவில் எல்லோருடைய வாத்தியத்தையும் விற்றாலும் ஜுபிடரின் ஒரு கால் கூட வாங்கியிருக்க முடியாது.

இந்த 303 எதற்காகச் செய்யப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். தனியாக வாசிக்கும் கிடார்க்காரருக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் இல்லையென்றால் அந்த இடத்தை நிரப்பத்தான். அதாவது பேஸ்காரரின் வேலையைச் செய்யும் பெட்டி. அதை வாங்கியவரோ வாழ்நாளெல்லாம் பேஸ் வாசித்துச் சம்பாதித்தவர். தன்னைப் போன்றவரை வேண்டாமென்று சொல்லப் பிறந்த பெட்டியை வாங்கி, அதற்குத் தானே ராகம் சொல்லிக்கொடுத்தார்.

அந்தத் தட்டை மாஸ்டரோடு அவருடைய நண்பர் ஒருவர் வீட்டில் கேட்டேன். நண்பர் வயலின் வாசிப்பவர். முதல் பக்கம் முடியும்வரை யாரும் பேசவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. பைரவியை அப்படி ஓடவிட்டு நான் கேட்டதே கிடையாது. மாஸ்டர் ஊசியைத் தூக்கி வைத்தார். "நல்லாத்தான் வாசிக்கிறான், பேட்டா. அவன் கைக்கு என்ன குறை? ஆனா எண்ணிப் பாரு. டிரம்மர் இல்ல. பேஸ்காரன் இல்ல. தபலா இல்ல. வயலின் இல்ல. இத்தனை பேர் சாப்பாடு இந்தத் தட்டுல இல்ல" என்றார். வயலின்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

சாஸ்திரீய சங்கீதக்காரர்களுக்கு அது ராகத்தைத் தெருவுக்கு இழுத்த வேலை. டிஸ்கோ கேட்ட பிள்ளைகளுக்குப் பாட்டே இல்லாத தட்டு. படப் பாட்டு ரசிகர்களுக்கு எந்தப் படம் என்று தெரியாத ஒன்று. இவர்கள் எல்லோரும் ஒதுக்கியது சுவை சார்ந்த விஷயம், அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. மாஸ்டர் சொன்னது வயிறு சார்ந்தது. அது அப்படியே நடந்தது. எண்பதுகளின் பிற்பாதியில் ஸ்டூடியோவில் நாற்காலிகள் குறைந்தன. கூட்டமாக உட்கார்ந்து வாசித்த வயலின் வரிசை ஒரு கீபோர்டில் 'ஸ்டிரிங்ஸ்' என்று ஒரு டோனாகச் சுருங்கியது. தொண்ணூறுகளில் ஒருவர் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் புரோகிராம் செய்துவிட்டு, ஒரு புல்லாங்குழலையோ சாரங்கியையோ மட்டும் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. மாஸ்டருக்கு ஸ்டூடியோவில் வாசிக்கும் வேலை நின்றது. அக்கார்டியனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கோவாவுக்குப் போய்விட்டார். கடைசிவரை மாதா கோயிலில் வாசித்தார் என்று கேள்விப்பட்டேன். நானும் அக்கார்டியனை வைத்துவிட்டு கீபோர்டுக்கு மாறினேன். மாறாதவர்களைப் புரோகிராமுக்கு யாரும் கூப்பிடவில்லை. இன்று அந்தப் பெட்டிகளைப் பற்றிப் புகழ்ந்து எழுதப்படும் எதைப் படித்தாலும் மாஸ்டரின் அந்த ஒற்றைக் கட்டில் எனக்கு ஞாபகம் வருகிறது. அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இன்றைய கதை 2002-இல் ஆரம்பிக்கிறது. எடோ பவுமன் என்ற டச்சு இசைத்தட்டு சேகரிப்பாளர் டெல்லியில் பழைய தட்டுகளைக் கிளறும்போது இது கையில் சிக்கியது. கேட்டவர் திகைத்தார். மும்பையில் சரண்ஜித் சிங்கைத் தேடிக் கண்டுபிடித்து, 2010-இல் தன்னுடைய 'பாம்பே கனெக்ஷன்' லேபிள் வழியாக மறுபடி வெளியிட்டார். மேற்கில் கேட்ட சிலர் இதை நம்பவே இல்லை. இப்போது யாரோ செய்துவிட்டுப் பழைய தேதி போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது.

அந்த நம்பிக்கையின்மைக்குக் காரணம் உண்டு. 303 விற்பனையில் தோற்ற பெட்டி. சுமார் பத்தாயிரம்தான் செய்தார்கள், 1984-இல் தயாரிப்பே நின்றது. நிஜ பேஸ் கிடார் மாதிரி அது ஒலிக்கவில்லை என்பதுதான் குறை. மலிவாகப் பழைய சாமான் கடைக்குப் போன அந்தப் பெட்டி சிகாகோவில் சில இளைஞர்கள் கையில் கிடைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகினால் ஒலி அழுவதும் சீறுவதுமாக மாறுவதை அவர்கள் கண்டுகொண்டார்கள். ஃப்யூச்சர் என்ற அந்தக் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' 1987-இல் வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை. பம்பாய்த் தட்டிலோ அதே 303, அதே 808, அதே மாதிரி விடாமல் சுழலும் பேஸ், ஐந்து வருஷம் முன்னால். ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஒரு பம்பாய் சர்தார்ஜி என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின.

இந்தப் பட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. சிகாகோ இளைஞர்கள் அவரைக் கேட்டதில்லை, அவர் அவர்களைக் கேட்டதில்லை. அவரிடமிருந்து அவர்களுக்குப் போன கோடு என்று எதுவும் கிடையாது. முன்னால் வந்தவர் என்ற பெருமைக்காக ஒருவரை அவர் செய்யாத காரியத்துக்குச் சொந்தக்காரர் ஆக்கும்போது, அவர் செய்த காரியம் பின்னால் போய்விடுகிறது.

இரண்டும் ஏன் ஒன்றுபோல ஒலிக்கின்றன என்பதுதான் சுவாரசியமான கேள்வி. மேற்கத்திய டிஸ்கோவில் கார்டுகள் நகரும், பேஸ் அவற்றின் பின்னால் நகரும். சிகாகோவின் மெஷின் இசையில் கார்டு நகர்வதில்லை. ஒரே பேஸ் வடிவம் சுழன்றுகொண்டே இருக்கும், அதன் மேல்தான் மற்றதெல்லாம் நடக்கும். ராகத்திலும் கார்டு நகர்வதில்லை, ஏனென்றால் ஷட்ஜமம் அசையாது. தம்புரா அதைத்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. சரண்ஜித் சிங் தம்புராவின் வேலையை 303-இடம் கொடுத்தார். சுழற்சியின் காரணமாக நின்ற இசையும் சுருதியின் காரணமாக நின்ற இசையும் ஒரே இடத்தில் வந்து நின்றன. தீர்க்கதரிசனம் என்று எதுவும் தேவையில்லை. பல தலைமுறையாக நம் கச்சேரி மேடைகளில் நடப்பதைத்தான் அவர் பெட்டியில் செய்தார்.

அதில் ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பேஸ் வாசிப்பவர்களின் விரல் பழக்கம் ஷட்ஜமம், பஞ்சமம், மறுபடி ஷட்ஜமம். உலகமெங்கும் இதுதான். மால்கோன்ஸில் பஞ்சமமே கிடையாது. நம் ஹிந்தோளம்தான் அது, ரிஷபமும் பஞ்சமமும் இல்லாத ஐந்து ஸ்வரம். தம்புராவையே மத்யமத்துக்கு மாற்றிச் சுருதி சேர்ப்பார்கள். அப்படியிருக்க, பல வருஷப் பேஸ் பழக்கத்தை விரலிலிருந்து கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த ராகத்துக்குப் பெட்டியை அமைத்திருக்க முடியும். அதுவும் 303-இல் ஸ்வரங்களைத் தனியாகவும் அவற்றின் காலத்தைத் தனியாகவும் அழுத்திப் பதிய வேண்டும். எந்த ஸ்வரத்தை வழுக்க வேண்டும், எதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றாக. மிடி என்ற இணைப்பு முறை வந்ததே 1983-இல்தான். இந்தப் பெட்டிகளோ ஒரு கேபிள் வழியாகத் தாளத்தை மட்டும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் காலத்தவை. மெஷின் தானாக வாசித்தது என்று அன்றைக்குச் சொன்னவர்கள் அதன் முன்னால் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

இந்தத் தட்டில் எல்லாம் சமமாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். கீபோர்டின் பன்னிரண்டு ஸ்வரத்தானங்களும் ஆணி அடித்தவை. தோடி – நமக்கு சுபபந்துவராளி – கொஞ்சம் இறங்கிய காந்தாரத்தைக் கேட்கிற ராகம், அது இங்கே கொஞ்சம் வறட்சியாகவே படுகிறது. லலித்தின் இரண்டு மத்யமங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய தயக்கத்துக்கு இந்தத் தாளம் அவகாசம் கொடுக்கவில்லை. ஐந்து ஸ்வர ராகங்கள் வரும்போது தட்டு மலர்ந்துவிடுகிறது. பூபாலி என்றால் நம் மோகனம், கலாவதி என்றால் வலஜி, பைராகி என்றால் ரேவதி. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தத் தட்டு அந்நியமே இல்லை. மதுவந்தி வந்தால் தர்மவதியின் சாயல் வீட்டுக்குள் நுழைந்துவிடும்.

இப்போது என் தங்கை மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் சவுண்ட் இன்ஜினியர். அவன் லேப்டாப்புக்குள் 303-ம் 808-ம் சாஃப்ட்வேராக இருக்கின்றன. ரோலண்டே 2016-இல் டிபி-03 என்று சின்னதாக ஒன்று செய்து விற்றது, அதுவும் அவன் மேஜையில் இருக்கிறது. அன்று கடைக்காரர்கள் தள்ளிவிட முடியாமல் தவித்த நிஜ 303 இன்று கிடைத்தால் விலை லட்சங்களில். சரண்ஜித் சிங்கின் பெயரை எனக்கு அறிமுகப்படுத்தும் உற்சாகத்தில்தான் அவன் பேசத் தொடங்கினான். "மாமா, 303-ஐ எப்படி வாசிச்சிருக்கார் பாருங்க" என்றான். வாசித்தது 303-ஐ இல்லை, ஜுபிடரை என்றேன். 303-ஐ அவர் அமைத்துவிட்டு ஓடவிட்டிருக்கிறார். கை இருப்பது மேலே, மெட்டில்.

அவனுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. கலந்த ஒலியிலிருந்து தாளத்தையும் பேஸையும் மெட்டையும் தனித்தனியே பிரிக்கும் சாஃப்ட்வேர் இப்போது இருக்கிறது. யமனை எடுத்துப் பிரித்தான். தாளத்தை மூடினான், பேஸை மூடினான். ஜுபிடர் மட்டும் ஒலித்தது. கொஞ்சம் சேதாரத்தோடுதான். ஆனாலும் கேட்டேன். ஹவாயன் கிடார் வாசித்த கை அது. கம்பியின் மேல் இரும்பை வழுக்கி ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவரின் மனசு, கம்பியே இல்லாத கீபோர்டில் அந்த வழுக்கலைத் தேடுகிறது. கட்டையை அழுத்திவிட்டு ஸ்வரத்தை அங்கேயே நிற்கவிடாமல் வளைக்கிறது, நிறுத்த வேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்துகிறது. எத்தனையோ பேருடைய பாட்டுகளில் இரண்டு வரி இடைவெளியில் வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட கை இங்கே ஐந்து நிமிஷம் யாருக்கும் வழிவிடாமல் பேசுகிறது. மருமகன் ரொம்ப நேரம் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

மெஷினுக்காக அவரை ஒதுக்கிய காலத்தில் இந்தக் கையை யாரும் கேட்கவில்லை. மெஷினுக்காக அவரைத் தூக்கிவைக்கும் காலத்திலும் இதைக் கேட்கிறவர்கள் குறைவு. இசைப் பத்திரிகைகளில் 303-இன் படம் பெரிதாகவும் ராகத்தின் பெயர் சின்னதாகவும் வரும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. அந்தப் பேஸை இன்று யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் அப்படியே பதிந்துவிடலாம். யமனில் அந்த இறங்குமுகத்தை அப்படி வாசிக்க அவருக்குப் பின்னால் இருந்த வருஷங்கள் வேண்டும்.

நல்ல வேளையாக, அவர் இருக்கும்போதே கொஞ்சம் மரியாதை வந்தது. எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பிய மேடைகளில் அதே வகைப் பழைய பெட்டிகளை வைத்துக்கொண்டு அந்த ராகங்களை வாசித்தார். எதிரே நின்றவர்கள் பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகள். பேட்டிகளில் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. வாசிக்கக் கூப்பிட்டார்கள், வாசித்தேன் என்கிற ஸ்டூடியோக் கலைஞரின் தோரணைதான். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். மாஸ்டர் அவருக்கு வெகுகாலம் முன்னாலேயே போய்விட்டார். அவருடைய அக்கார்டியன் வாசிப்பு இருக்கும் பாட்டுகள் இன்றும் வானொலியில் வருகின்றன. அவற்றை மறுவெளியீடு செய்ய யாராவது வந்தால், உறையில் போட அவர் பெயர் யாரிடமும் இருக்காது.

மருமகன் இப்போது தானே ஒரு ஆல்பம் செய்துகொண்டிருக்கிறான். கம்பெனி கிடையாது, அவன் அறையிலேயே எல்லாம். ஆறு ராகம், எல்லாம் சிந்தசைசர். போன வாரம் ஹிந்தோளத்தை அனுப்பியிருந்தான். நன்றாக இருந்தது. தாளம் நவீனமாக, ஒலி சுத்தமாக. கேட்டுக்கொண்டே வரும்போது பேஸில் பஞ்சமம் விழுந்தது, மறுபடி விழுந்தது. போன் போட்டுச் சொன்னேன். "அது பேஸ்தானே மாமா, மெட்டுல வரலையே" என்றான். ஷட்ஜமத்துக்கு அடுத்தபடி காதில் தங்குவது பேஸ்தான், அதில் பஞ்சமம் வந்தால் ராகம் போச்சு, மத்யமத்தை வை என்றேன். கொஞ்ச நேரம் முனகினான். ராத்திரி மறுபடி அனுப்பினான். மத்யமம் வைத்திருந்தான். இன்னொன்றும் செய்திருந்தான்: மெட்டைக் கம்ப்யூட்டரில் பதிந்தது போதாதென்று எடுத்துவிட்டு, கையால் வாசித்து அனுப்பியிருந்தான். இரண்டு இடத்தில் தடுமாற்றம் இருக்கிறது. அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.